டர்போவை இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் உதறல் நிற்கவில்லை: கோளாறு ரோட்டாரிலா, பேரிங்கிலா?

கடைமடை | காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். நான் பல்க் கேரியர் ஒன்றில் தேர்ட் என்ஜினியர். லீவில் பொறையாறு பக்கம் வீட்டுக்கு வந்திருக்கிறேன். குறுவைக்கு நாற்று விட்டாகிவிட்டது. அப்பா மோட்டார் ஷெட்டில் இருக்கிறார், நான் திண்ணையில் போனும் கையுமாக இருக்கிறேன். மனசு மட்டும் இன்னும் என்ஜின் ரூமை விட்டு வரவில்லை.

மெயின் என்ஜின் ஸ்லோ ஸ்பீடு டூ ஸ்ட்ரோக். டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போசார்ஜர், ஒன்றுதான். பேரிங் இரண்டும் ஷாஃப்டின் நடுப்பகுதியில், கம்ப்ரசர் சக்கரமும் டர்பைன் சக்கரமும் ஆளுக்கொரு முனையில் தொங்கும் வகை. ஷாஃப்டும் இரண்டு சக்கரமும் சேர்ந்ததுதான் ரோட்டார். குண்டு இல்லாமல், எண்ணெய்ப் படலத்தில் ஷாஃப்ட் மிதக்கும் பிளெயின் பேரிங்தான். என்ஜினின் சிஸ்டம் ஆயிலே அதற்கும் போகிறது.

கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுது பார்க்கும் டிரை டாக்கில் டர்போவைப் பிரித்து ஓவர்ஹால் செய்தார்கள். ரோட்டாரை ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, எடை சுற்றிலும் சமமா என்று பேலன்ஸ் பார்த்தார்கள், பேரிங்கின் உள்ளே ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் உலோகக் குழலான புஷ் இரண்டும் புதிது. வெளியே வந்து லோடு ஏற்றினால் 70 சதவீதம் வரை தேன் மாதிரி ஓடுகிறது. அதற்கு மேலே போனால் உதறல். மேடைத் தகட்டில் நின்றாலே காலுக்குத் தெரியும். அடுத்த துறைமுகத்தில் மறுபடி ரோட்டாரை உருவி, மறுபடி பேலன்ஸ் செய்தார்கள். அதே கதை. அதற்குள் என் சைன் ஆஃப், கப்பலை விட்டு இறங்கும் நாள், வந்துவிட்டது.

எங்கள் செகண்ட் என்ஜினியர் இன்னமும் பேலன்சிங் சரியில்லை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பொன்மலை ஷெட் | காலை 8:25

தம்பி, பொன்மலையில் ஆல்கோ டீசல் ரயில் என்ஜின் டர்போக்களோடு வாழ்ந்தவன் நான். இப்போது பாபநாசத்தில் ஓய்வு. என் அனுபவத்தில் டர்போ உதறினால் பத்தில் ஏழு தடவை டர்பைன் பக்கம் கரிதான். பிளேடில் ஒரு பக்கம் மட்டும் படிவு உதிர்ந்திருக்கும், இன்னொரு பக்கம் அப்படியே ஒட்டியிருக்கும். வாட்டர் வாஷ் பாதியில் நின்றால் இப்படித்தான் ஆகும். ஓவர்ஹாலுக்குப் பிறகு எத்தனை மணிநேரம் ஓடியது?


கடைமடை | காலை 8:40

முதல் நாளே உதறல் அண்ணே. பிளேடு கண்ணாடி மாதிரி சுத்தம். வாஷ் பண்ணவே வேளை வரவில்லை.


தஞ்சை ரோட்டார் | காலை 9:55

நான் மெக்கானிக்கல் கடைசி வருடம், ரோட்டார் டைனமிக்ஸில்தான் புராஜெக்ட். பேலன்ஸ் கிரேடு ஜி 2.5 (மையப்பிசகைச் சுழல்வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு 2.5 மில்லிமீட்டர்) என்றால் என்ன அளவு என்று போட்டுப் பார்த்தேன். 12,000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு சுமார் 1,257 ரேடியன். 2.5ஐ அதால் வகுத்தால் அனுமதிக்கப்பட்ட மையப்பிசகு 20 மைக்ரான். அது கொஞ்சம் தாராளமாகத் தெரிகிறதே?


நாகூர் சீஃப் | காலை 10:30

தம்பி, ஒரு சைபர் கூடிவிட்டது. 2 மைக்ரான். 500 கிலோ ரோட்டார் என்று வைத்துக்கொள். அந்த 2 மைக்ரான் பிசகுக்கே சுற்றும்போது சுமார் 1,570 நியூட்டன் வரும், கிட்டத்தட்ட 160 கிலோ எடை. ரோட்டாரின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு. பேரிங் அதைத் தாங்கிவிடும்.

இப்போது பொன்மலைக்காரர் சொன்ன கரியைப் போட்டுப் பார். 300 மில்லிமீட்டர் ஆரத்தில் 20 கிராம் படிவு ஒரே பக்கம் ஒட்டியிருந்தால் அதே வேகத்தில் 9,500 நியூட்டன் ஆகும். ரோட்டாரின் எடையைப் போல இரண்டு மடங்கு. 20 கிராம் என்பது ஒரு சின்னப் பிடி அரிசி.

ஆனால் கடைமடை தம்பியின் கேஸ் இது இல்லை என்று என் மூக்கு சொல்கிறது. பேலன்ஸ் பிசகு என்றால் வேகத்தோடு சேர்ந்து படிப்படியாக ஏறும். 70 சதவீதம் வரை ஒன்றுமில்லாமல் இருந்து, அப்புறம் திடீரென்று எழும்பாது. சர்வீஸ் ஆள் யாராவது வைப்ரேஷன் எடுத்தாரா? அந்தத் தாள் இருந்தால் எண்களை இங்கே போடு. எத்தனை ஹெர்ட்ஸில் உச்சம் என்பதுதான் எனக்கு வேண்டும்.


அக்கரைப்பேட்டை டீசல் | காலை 11:15

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். நான் நாகையில் விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கிறேன். எங்கள் டர்போ உள்ளங்கை அகலம், லாரியில் வருவதுதான். அதில் ஒரு புஷ் ஷாஃப்டிலும் பிடிக்காமல் ஹவுசிங்கிலும் பிடிக்காமல் நடுவில் தானாகச் சுற்றும். அந்த மாதிரி பெரிய கப்பலில் கிடையாதா? எங்களுக்குக் கெடுவதெல்லாம் படகைக் கட்டியதும் டப்பென்று என்ஜினை அணைப்பதால்தான். மூணு நாலு நிமிஷம் ஐடிலில் விடு என்று எத்தனை தடவை சொன்னாலும் டிரைவர்கள் கேட்க மாட்டார்கள். சூட்டில் எண்ணெய் கருகி வழியையே அடைத்துவிடும்.


நாகூர் சீஃப் | மதியம் 12:05

டீசல் தம்பி, நல்ல கேள்வி. நீ சொல்வது ஃப்ளோட்டிங் புஷ். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு எண்ணெய்ப் படலம், புஷ்ஷுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் இன்னொன்று. புஷ் ஷாஃப்டின் வேகத்தில் ஒரு பங்குதான் சுற்றும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் உன் குட்டி டர்போவில் உராய்வு அதனால் குறைகிறது, வெளிப் படலம் அதிர்வையும் கொஞ்சம் விழுங்குகிறது.

பெரிய டர்போ 10,000, 15,000 சுற்று என்ற கணக்கில்தான் ஓடும். அங்கே புஷ்ஷைச் சுற்றவிடாமல் பூட்டி, அதன் வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் வைப்பது ஒரு வழி. ஸ்க்வீஸ் ஃபிலிம் என்பார்கள். அந்த எண்ணெய் சுற்றாது, அமுங்கி அமுங்கி அதிர்வின் சக்தியை உறிஞ்சும்.

அணைப்பது பற்றி நீ சொன்னது கப்பலுக்கும் அப்படியே பொருந்தும். நடுவில் பேரிங் உள்ள டர்போவில் என்ஜினை நிறுத்தினாலும் எண்ணெய் அனுப்பும் லூப் பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டர்பைன் பக்கத்துச் சூடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கு நடந்து வரும். கரண்ட் போய் பம்ப் நின்றுவிட்டால் ரோட்டார் ஓய்கிற வரைக்கும் தானாக இறங்கி வர, டர்போவுக்கு மேலே ஒரு எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பார்கள்.


மன்னை அரவை | மதியம் 12:50

எங்கள் தாத்தா காலத்து ரைஸ்மில்லில் கூரைக்குக் கீழே நீளமாக லைன் ஷாஃப்ட் ஓடும். கன்மெட்டல் புஷ், மேலே எண்ணெய்க் கிண்ணம், திரி. அப்பா காலத்தில் எல்லாவற்றையும் பால் பேரிங் ஆக்கினோம். மோட்டார் இழுக்கிற கரண்ட் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. கப்பலிலும் பால் பேரிங் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதே?


பொன்மலை ஷெட் | பிற்பகல் 1:20

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பிளெயின் பேரிங்கில் எண்ணெய்ப் படலமே ஷாஃப்டைச் சுழற்றி உதறவைக்கும் எண்ணெய்ச் சுழல் சமாசாரம் பால் பேரிங்கில் கிடையாது. லேசாக உதைத்தால் சுற்றும், குறைந்த லோடில் டர்போ சீக்கிரம் எழும். எனக்கு ஓட்டுப் போடச் சொன்னால் பால் பேரிங்குக்குத்தான்.


நாகூர் சீஃப் | பிற்பகல் 2:45

இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பால் பேரிங் டர்போவில் நான் பாதி ஆயுளைக் கழித்தவன். பழைய விடிஆர் மாடல் டர்போ வகையில் பேரிங் இரண்டும் ரோட்டாரின் கோடி முனைகளில் இருக்கும், சக்கரங்கள் நடுவில். ஒவ்வொரு முனைக்கும் தனி எண்ணெய்க் கிண்ணம், பார்க்கக் கண்ணாடி. மெயின் என்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டர்பைன் பக்க எண்ணெய் கறுத்தால் கேஸ் உள்ளே கசிகிறது என்று அர்த்தம், கேஸ் கசியாமல் தடுக்கும் வரிவரியான அடைப்பான லாபிரிந்த் சீலைப் பார்க்க வேண்டும். இரண்டு கவரைக் கழற்றினால் பேரிங் கைக்கு வரும். ரோட்டாரை உருவவே வேண்டாம்.

அதற்கு விலையும் உண்டு. மாடலைப் பொறுத்து 8,000 முதல் 16,000 மணிநேரத்துக்குள் பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும், பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் சரி. பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. கரி பிடித்த ரோட்டாரை ஓட்டினால் பேரிங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று பொருள். இன்னொன்று, ஓடாமல் நிற்கும்போதும் அது கெடும். பக்கத்து ஜெனரேட்டர் ஓடும் அதிர்வில் நின்ற இடத்திலேயே குண்டு வளையத்தில் தடம் பதித்துவிடும். அதற்காகத்தான் பேரிங்கைச் சுற்றி ஸ்பிரிங் தகடு அடுக்கு வைத்தார்கள். ரோட்டார் அதிர்வையும் அதுதான் அடக்கும்.

இப்போது மன்னை ஐயா கேள்விக்கு வருகிறேன். பேரிங்கைக் கோடியில் வைத்தால் ஷாஃப்ட் முனையை ஒல்லியாக்கலாம். ஒல்லியான இடத்தில் பால் பேரிங் தாக்குப்பிடிக்கும். அதையே நடுவுக்குக் கொண்டுவந்தால், இரண்டு பக்கமும் தொங்கும் சக்கரங்களைத் தாங்க ஷாஃப்ட் தடியாக வேண்டும். தடி ஷாஃப்டில் பெரிய பால் பேரிங் போட்டு 12,000 சுற்று விட்டால் குண்டுகளின் மையவிலகு விசையே வெளி வளையத்தைத் தேய்க்கும். துளை விட்டத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி வரும் எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டிவிடும். ஆக, பேரிங் எங்கே என்று முடிவு செய்த கணமே எந்த வகை என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ரைஸ்மில் ஷாஃப்ட் சில நூறு சுற்று ஓடுகிறது, அங்கே இந்தக் கணக்கே எழாது.

அப்படியானால் எதற்கு நடுவில் வைக்கிறார்கள்? டர்போ குட்டையாகும், கேஸ் நேராக உள்ளே வரும், தண்ணீர் சுற்றும் கேசிங் வேண்டாம். அந்தக் கேசிங் கந்தக அமிலத்தில் அரித்து ஓட்டை விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிளெயின் பேரிங்குக்கு எண்ணெய் சுத்தமாக இருந்தால் பால் பேரிங் போல அடிக்கடி மணிக்கணக்கு பார்த்து மாற்ற வேண்டியதில்லை. சுத்தமாக இருந்தால்தான். சிஸ்டம் ஆயிலில் வரும் ஒரு மணல்துகள் போதும்.


கடைமடை | மாலை 4:10

சீஃப் சார், தாள் கிடைத்துவிட்டது, போட்டோ எடுத்து வைத்திருந்தேன். யாரும் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

11,400 ஆர்பிஎம், அதாவது 190 ஹெர்ட்ஸ்: 190இல் சின்ன உச்சம், 87இல் இன்னொரு சின்ன உச்சம்.
12,600, அதாவது 210: 210இல் அதே அளவு, 96இல் பெரியது.
13,200, அதாவது 220: 220இல் மாற்றமில்லை, 97இல் மிகப் பெரியது. அதோடு லோடைக் குறைத்துவிட்டோம்.


தஞ்சை ரோட்டார் | மாலை 4:25

87ஐ 190ஆல் வகுத்தால் 0.458. 96ஐ 210ஆல் வகுத்தால் 0.457. இது ஆயில் விர்ல், பொன்மலை ஐயா சொன்ன அந்த எண்ணெய்ச் சுழல், தானே சார்! புத்தகத்தில் 0.42 முதல் 0.48 வரை என்று இருக்கிறது. இந்த முறை சைபரைச் சரிபார்த்துவிட்டேன்.


நாகூர் சீஃப் | மாலை 5:00

சபாஷ். ஆனால் மூன்றாவது வரியை விட்டுவிட்டாயே. வேகம் 210இலிருந்து 220க்கு ஏறியது, உச்சம் 96இலிருந்து 97க்குத்தான் வந்தது. வேகத்தைத் தொடர்ந்து வந்தது அங்கே நின்றுவிட்டது. எதில் போய் மாட்டியது?


தஞ்சை ரோட்டார் | மாலை 5:20

ரோட்டாரின் முதல் இயல்பு அதிர்வெண்ணில். 97 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 5,800 ஆர்பிஎம்மில் கிரிட்டிக்கல் ஸ்பீடு. ஓடும் வேகம் அதன் இரண்டு மடங்கைத் தாண்டியதும் விர்ல் விப் ஆக மாறிவிட்டது. இதற்கு மேல் வேகத்தைக் கூட்டினாலும் அங்கேயே பூட்டிக்கொண்டு வளரும்.


கடைமடை | மாலை 5:35

எனக்கு ஒன்று புரியவில்லை. பரீட்சைக்குப் படித்தபோதும் புரியவில்லை. ஏன் பாதி வேகம்?


நாகூர் சீஃப் | மாலை 6:15

உன் ஊர் வாய்க்காலைப் பார். நடுவில் தண்ணீர் வேகமாகப் போகும், கரையோரம் ஊர்ந்து போகும். பேரிங்கில் ஒரு கரை சுற்றுகிறது, மறு கரை நிற்கிறது. ஷாஃப்டை ஒட்டிய எண்ணெய் ஷாஃப்டின் வேகத்தில் போகும், புஷ்ஷை ஒட்டியது நின்றுவிடும். சராசரி பாதி. ஓரங்களில் கொஞ்சம் எண்ணெய் கசிந்து போவதால் பாதிக்கும் சற்றுக் குறைவு. அந்த எண்ணெய் ஆப்பு, ஷாஃப்டைத் தன்னோடு அழைத்துக்கொண்டு சுற்றி வருகிறது. அவ்வளவுதான்.

ஆபத்து எங்கே என்றால், எண்ணெய்ப் படலத்தில் ஷாஃப்டைக் கீழே தள்ளினால் அது கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் நகரும். கொள்ளிடத்தில் பரிசல் தள்ளியவர்களுக்கு இது தெரியும். நேரே துழாவினால் பரிசல் சுற்றும். அந்தப் பக்கவாட்டுத் தள்ளல், சுழற்சிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். படலத்தின் தணிப்பு அதை மிஞ்சினால் அடங்கும், மிஞ்சாவிட்டால் வளரும். வெளியிலிருந்து யாரும் உதைக்க வேண்டியதில்லை. பேலன்ஸ் பிசகு வெளியிலிருந்து உதைப்பது, இது ரோட்டார் தனக்குத் தானே உதைத்துக்கொள்வது. ஆயிரம் தடவை பேலன்ஸ் செய்தாலும் இரண்டாவது போகாது.

இன்னொன்று. ஒர்க்‌ஷாப்பில் பேலன்ஸ் பார்க்கும்போது ரோட்டார் அவர்கள் உருளை மேல், சில நூறு சுற்றில் ஓடுகிறது. உன் புஷ்ஷும் எண்ணெயும் அங்கே இல்லை. அங்கே இது எப்படித் தெரியும்? அவர்கள் வேலை சுத்தம். 210, 220இல் உச்சம் ஏறவில்லையே, அதுவே சாட்சி.


பொன்மலை ஷெட் | மாலை 6:40

ஒத்துக்கொள்கிறேன், என் கரியை வாபஸ் வாங்கினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓவர்ஹாலுக்கு முன்னாலும் இதே ரோட்டார்தான், இதே எண்ணெய்தான். அப்போது ஏன் வரவில்லை?


நாகூர் சீஃப் | மாலை 7:05

அதுதான் சரியான கேள்வி. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. புஷ்.

வட்டமாகக் கடைந்த வெறும் புஷ்ஷில் லேசான ரோட்டாரை வேகமாகச் சுற்றினால் ஷாஃப்ட் நட்டநடுவுக்கு வந்து மிதக்கும். அந்த நிலையில்தான் விர்ல் பிடிக்கும். ஷாஃப்டை நடுவில் சும்மா மிதக்கவிடாமல் பல பக்கத்திலிருந்தும் எண்ணெய் அழுத்தினால் பிடிக்காது. அதற்காகத்தான் துளையை முழு வட்டமாகக் கடையாமல் இரண்டு, மூன்று, நான்கு மடல்களாகக் கடைவார்கள். ஒவ்வொரு மடலும் தனி ஆப்பு. ஸ்டீம் டர்பைனில் இன்னும் ஒரு படி போய், மடல்களைத் தனித்தனித் துண்டாக்கி ஆடவிட்டு டில்டிங் பேடு வைப்பார்கள். அதில் பக்கவாட்டுத் தள்ளல் ஏறக்குறைய இருக்காது.

மடல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, தம்பி. மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் வித்தியாசம். துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து எட்டுத் திசையிலும் அளந்தால்தான் தெரியும். கழற்றிய பழைய புஷ் கப்பலில் இருக்கிறதா? இரண்டையும் அளக்கச் சொல்லு. புதியது எங்கிருந்து வந்தது என்று ஸ்டோர் தாளையும் பார்க்கச் சொல்லு. அதுவரை 11,000க்கு மேலே ஏற்ற வேண்டாம். விப்பில் ஓட்டினால் புஷ்ஷின் உள்பூச்சான ஒயிட் மெட்டல் போகும், அப்புறம் லாபிரிந்த் உரசும், கடைசியில் சக்கரம் கேசிங்கைத் தொடும்.


தஞ்சை ரோட்டார் | இரவு 8:30

எண்ணெயைக் கொஞ்சம் சூடாக விட்டால் பாகுத்தன்மை குறைந்து ஷாஃப்ட் நடுவிலிருந்து இறங்கி உட்காரும், விர்ல் தணியும் என்று படித்தேன். தற்காலிகமாக அதைச் செய்யலாமா?


நாகூர் சீஃப் | இரவு 8:50

பல சமயம் உதவும். ஆனால் அது மெயின் என்ஜின் ஆயில். டர்போவுக்காக மெயின் பேரிங், கிராஸ்ஹெட் எல்லாவற்றுக்கும் மெல்லிய படலம் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். வரம்புக்குள் ஒன்றிரண்டு டிகிரி வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.


பொன்மலை ஷெட் | இரவு 9:10

நான் பார்த்திருப்பேன், சார். வரம்புக்குள்தானே. ஒரு வேளை போய்ச் சேர வேண்டிய துறைமுகம் தூரமாக இருந்தால்? சரி, இதில் நமக்குள் ஒத்துவராது, விடுவோம்.


கடைமடை | 19 நாள் கழித்து, காலை 6:20

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடவு. தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

செகண்டுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பினேன். முதலில் சிரித்தார். பிறகு பழைய புஷ்ஷை ஸ்கிராப் டப்பாவிலிருந்து எடுத்து அளந்திருக்கிறார். பழையது திசைக்குத் திசை அளவு மாறுகிறது, மூன்று மடல். டிரை டாக்கில் போட்டதற்கு ஸ்டோரில் ஒரு உபரி செட் இருந்தது. அது எட்டுத் திசையிலும் ஒரே அளவு. குறைந்தபட்சக் கிளியரன்ஸ் கையேட்டுக்குச் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யார் சப்ளை செய்தது என்பதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், இங்கே எழுத வேண்டாம்.

தயாரிப்பாளரிடமிருந்து நேராக வந்த புஷ் போட்டு நான்கு நாள் முன்பு 85 சதவீதம் வரை ஏற்றினார்கள். 97இல் ஒன்றுமில்லை. சுழலும் வேகத்திலேயே வரும் உச்சம் மட்டும் முன்பு இருந்த அதே சின்ன அளவில் இருக்கிறது.


பொன்மலை ஷெட் | காலை 7:00

பேலன்ஸ் பண்ணின ஒர்க்‌ஷாப்காரனை உங்கள் செகண்ட் எத்தனை திட்டு திட்டியிருப்பார்!


கடைமடை | காலை 7:15

அதைக் கேட்காதீர்கள் அண்ணே. இரண்டாவது பில்லுக்குப் பணம் தர மாட்டேன் என்று எழுதியிருந்தாராம். இப்போது தரச் சொல்லிவிட்டார்.


தஞ்சை ரோட்டார் | காலை 9:40

அண்ணா, அந்தத் தப்பான புஷ் ஒன்று கிடைக்குமா? எங்கள் லேபில் சின்ன ரிக் இருக்கிறது. அந்த அளவுக்கு ஷாஃப்ட் பண்ண முடியாது, ஆனால் துளையை அளந்து கணக்கில் போட்டு 97 வருகிறதா என்று பார்ப்பேன்.


கடைமடை | காலை 10:05

இரண்டையும் கேட்டிருக்கிறேன், பழையதையும் சேர்த்து. ஒன்றை மட்டும் அளந்தால் உனக்கு என்ன தெரியும்? அடுத்து யார் சைன் ஆஃப் ஆகிறாரோ அவர் பெட்டியில் வரும். பொறையாறு வந்து வாங்கிக்கொள்.


அக்கரைப்பேட்டை டீசல் | காலை 10:30

தம்பி, போகிற வழியில் நாகையில் இறங்கி எனக்கும் காட்டிவிட்டுப் போ. போர் கேஜ் என்னிடம் இருக்கிறது. போன மாசம் ஒரு படகுக்கு டூப்ளிகேட் புஷ் போட்டேன், அதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிடுவோம்.